மாதிரித் தண்ணீர்

"இன்னைக்கு என்ன கிழமைன்னு தண்ணிக்கு எப்படித் தெரியும்?"

உலக வரலாற்றைத் திசை திருப்பிய கேள்விகள் மொத்தம் நான்கைந்து இருக்கலாம். அவற்றுள் ஒன்று வாதி லவ்ஸ் நகர நீர் இயக்ககத்தில், பள்ளிச் சுற்றுலா வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியால், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்கப்பட்டது.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வாதி லவ்ஸில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். சந்தைத் தெருவுக்குத் திங்கள், பெரிய பள்ளிவாசல் பக்கம் புதன், ஆலிவ் தோட்டத் தெருவுக்குச் சனி. தன் கிழமையில் மாடித் தொட்டியை நிரப்பி, துணி துவைத்து, படிக்கட்டைக் கழுவிவிட்டு, அடுத்த கிழமை வரை சிக்கனமாக வாழ்வது அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த ஒழுக்கம்.

இயக்குநர் ஷவ்கத் பெக் சிறுமியின் தலையைத் தடவி ஒரு மிட்டாய் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு கமிட்டி அமைத்தார். பதில் தெரியாதபோது மிட்டாய் கொடுப்பவன் சாதாரண மனிதன். கமிட்டியும் அமைப்பவனே நிர்வாகி. கமிட்டி ஒன்பது முறை கூடியது. நாற்பது குவளை மரமிய்யா மூலிகைத் தேநீருக்குப் பின், "தண்ணீருக்குக் கிழமை தெரியாது, ஆகவே மக்களுக்குத் தெரியப்படுத்துவதே உகந்தது" என்ற முடிவுக்கு வந்தது. இவ்வாறாக, இயக்ககத்துக்கு ஒரு வலைத்தளம் அமைக்க ஆணையிடப்பட்டது.

இந்த மகத்தான பணியின் மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் ரவ்தா இருந்தாள். பதினான்கு ஆண்டுகளாக எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்ற பேரேட்டை எழுதி வருபவள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பிஸ்மில்லாஹ் சொல்வாள். தெரியாததை எழுத மாட்டாள். ஒருமுறை ஒரு தெருவின் நேரம் சரியாகக் காதில் விழவில்லை என்பதற்காக, மதிய வெயிலில் இரண்டு கல் நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதினாள். "உங்கிட்ட நம்பிக் கொடுத்த எழுத்தும் அமானிதம்தான்" என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அலுவலகத்தில் இருவர். ஒருவர் காது கேளாதவர்.

வலைத்தளம் செய்து தர, தலைநகர் அம்மானிலிருந்து குதைபா வந்து இறங்கினான். வெள்ளைச் செருப்பு, முதுகில் பை, கத்தரித்த தாடி, சந்தேகமே அறியாத கண்கள். முதல் கூட்டத்திலேயே அவன் இயக்குநரின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டான்.

"ஐயா, உங்க வீட்ல பெருநாளைக்கு மஅமூல் பலகாரம் செய்வாங்கல்ல?"

"செய்வாங்க. சர்க்கரை வியாதிக்காரன் முன்னாடி அந்தப் பேச்சை எடுக்காதே."

"அதுக்கு ஒரு மர அச்சு இருக்கும். உள்ள பேரீச்சம்பழம் வச்சாலும் அதே அச்சு, வால்நட் வச்சாலும் அதே அச்சு. தட்டினா ஒரே மாதிரிப் பூ விழும். நம்ம வெப்சைட்டும் அவ்ளோதான். நான் ஒரு அச்சு செஞ்சு தரேன். ரவ்தாக்கா இந்தக் களஞ்சியத்துல விவரத்தைப் போட்டாப் போதும். பூரணம் அவங்களோடது. அச்சு அதை எடுத்து அழகான அட்டையாத் தட்டிக் கொடுத்துடும். ஒரு தடவை செஞ்சுட்டா எல்லா இடத்துலயும் போட்டுக்கலாம்."

"எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும் ஐயா."

ஷவ்கத் பெக்கின் கண்கள் பனித்தன. "முப்பது வருஷ சர்வீஸ் தம்பி. 'ஒரு தடவை செஞ்சாப் போதும்'னு எங்கிட்ட சொன்ன முதல் ஆள் நீதான்."

அன்றே சுற்றறிக்கை எண் 112 வெளியானது. இனி இயக்ககத்தின் எந்தச் செய்தியும் 'அச்சு' வழியாக அன்றி வெளிவரக் கூடாது.

அட்டை உண்மையிலேயே அழகாக இருந்தது. மேலே ஒரு படம். கீழே பெயர், தண்ணீர் வரும் நாள், நேரம், அழுத்தம். அதற்கும் கீழே 'தொட்டியை மூடி வையுங்கள்' என்று ஓர் அறிவுரை. மூலையில் கண்ணடித்துச் சிரிக்கும் நீர்த்துளி. அடியில் 'நன்றி, பயன்பட்டது!' என்று ஒரு பொத்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில் சின்ன எழுத்தில், 'விவரம்: ரவ்தா'.

தெருக்கள் எல்லாம் ஒரே வாரத்தில் அட்டைகள் ஆயின. பிறகு மற்றவை. இயக்குநரின் வாழ்க்கைக் குறிப்பும் அட்டைக்குள் போனது. 'ஷவ்கத் பெக். நாள்: ஞாயிறு. நேரம்: காலை 9 முதல் 11 வரை. அழுத்தம்: குறைவு. தொட்டியை மூடி வையுங்கள்.' அலுவலகத்தைப் பற்றி வலைத்தளத்தில் வந்த முதல் துல்லியமான தகவல் இதுதான் என்று ஊழியர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற மீட்டர் கணக்கர் ஹாஜி ஃபவ்வாஸ் இறந்தபோது, இரங்கல் செய்தியும் அதே அச்சில் வார்க்கப்பட்டது. 'ஹாஜி ஃபவ்வாஸ். நாள்: வியாழன். நேரம்: அஸர் தொழுகைக்குப் பின். அழுத்தம்: சாதாரணம். தொட்டியை மூடி வையுங்கள்.' நீர்த்துளி கண்ணடித்தது. இருநூற்று ஆறு பேர் 'நன்றி, பயன்பட்டது!' என்று அழுத்தியிருந்தார்கள்.

ரவ்தா பதறிப்போய் மன்னிப்புக் கேட்க இரங்கல் வீட்டுக்கு ஓடினாள். ஹாஜியின் மனைவி அவள் கையில் கசப்புக் காப்பியைக் கொடுத்து, "அழாதே பெண்ணே. எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளைகிட்ட 'தொட்டியை மூடி வச்சியா'ன்னுதான் கேப்பாரு. அவரைப் பத்தி வந்ததுலேயே இதுதான் உள்ளது உள்ளபடி" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் ரவ்தாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது.

அச்சின் மகிமை இதோடு நிற்கவில்லை. வால்வு திறக்கும் அபூ தஹ்ஹாமின் கையில் இருந்த பழைய காகிதம் பறிக்கப்பட்டு ஒரு போன் கொடுக்கப்பட்டது. பொதுமக்கள் பார்க்கும் அதே அட்டைகள், அதே துளியோடு, அவருடைய திரையிலும் வந்தன. எங்கும் ஓர் அச்சு, ஒரே அச்சு. அபூ தஹ்ஹாமுக்கு ஐம்பத்தெட்டு வயது. தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. "காகிதம் சொன்னா திறப்பேன்" என்பது அவர் கொள்கை. இப்போது, "போன் சொன்னா திறப்பேன்" என்று அதை நவீனமாக்கிக்கொண்டார்.

தலைநகரிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, 'சிறந்த மின்னணு இயக்ககம்' என்ற கேடயம் கொடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. ஷவ்கத் பெக் பெரிய திரையில் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மலர்ந்த முகம் திடீரென்று சுருங்கியது.

"இது என்ன ஓட்டை?"

அட்டையில் 'நஸ்ர் மேடு' என்று இருந்தது. நாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. நேரத்துக்கு ஒரு கோடு. அழுத்தத்துக்கு ஒரு கோடு.

"பெட்டி காலியா இருக்கு ஐயா" என்றான் குதைபா. "களஞ்சியத்துல விவரம் இல்லை."

"சகோதரி ரவ்தா, ஏன் போடலை?"

"மேட்டுக்கு நாளே கிடையாது ஐயா. பதினோரு வருஷமா இல்லை. குழாய் போட்டாச்சு, பம்ப் வச்சாச்சு, ரிப்பன் வெட்டியாச்சு. கிழமை மட்டும் யாரும் கொடுக்கலை."

கோப்பில் காரணம் இருந்தது. 'உயரம் காரணமாக' என்று பத்தொன்பது அதிகாரிகள் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். ரிப்பன் வெட்டிய அன்று புகைப்படக்காரர்கள் முன்னிலையில் தண்ணீர் மேட்டுக்கு ஏறியது உண்மைதான். அது விழாத் தண்ணீர். விழாத் தண்ணீர் எங்கேயும் ஏறும்.

"கிழமை இல்லாதது என் தப்பா? அட்டை தப்பா? தலைநகர்க்காரன் முன்னாடி ஒரு அட்டை இப்படிப் பல்லுப் போன வாய் மாதிரி நிக்கலாமா?" இயக்குநர் குதைபாவைப் பார்த்தார். "தம்பி, வெறுமை அசிங்கம்."

"பெட்டி காலியா இருந்தா, மாதிரி விவரம் காட்டும்படி அச்சை மாத்திடலாம் ஐயா. நான் சோதனைக்கு வச்சிருந்தது ஒண்ணு இருக்கு. செவ்வாய், காலை ஆறு முதல் பன்னிரண்டு, அழுத்தம் மிக நன்று."

"ஏன் செவ்வாய்?"

"தோணிச்சு ஐயா."

ரவ்தாவால் பொறுக்க முடியவில்லை. "இல்லாததை இருக்குன்னு போட்டா அது பொய்யில்லையா ஐயா?"

ஷவ்கத் பெக் அவளைப் பரிவோடு பார்த்தார். "சகோதரி, நீங்க பெட்டியைக் காலியா விட்டிருக்கீங்க. அது உண்மை. நான் எதுவும் சொல்லலை. அதுவும் உண்மை. அச்சு ஏதோ சொல்லுது. அது அச்சோட சொந்த விஷயம். இதுல பொய் எங்கே வந்தது?"

ஒழுக்க நூல்கள் இதுவரை கவனிக்காமல் விட்ட இடம் இது. பொய் இருக்கிறது, சொன்னவர் இல்லை. சுற்றறிக்கை எண் 114, 'எந்த அட்டையும் காலியாகத் தோன்றலாகாது' என்று முழங்கியது. குழு வந்தது, ஆட்டிறைச்சியும் தயிரும் சோறும் உண்டது, நிறைந்த அட்டைகளைக் கண்டு வியந்தது, கேடயத்தை அனுப்பி வைப்பதாகச் சொல்லிப் போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபஜ்ர் தொழுதுவிட்டு அபூ தஹ்ஹாம் போனைத் திறந்தார். துளி அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. 'நஸ்ர் மேடு. நாள்: செவ்வாய். நேரம்: காலை 6.' மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். சட்டைப் பையில் சாவிக்கொத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆறு மணிக்கு மேட்டில் குழாய்கள் சீறின. பாம்பு என்று சிலர் கட்டிலில் ஏறி நின்றார்கள். எரிவாயு என்று ஒருவர் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். உம்மு ஸக்ர் என்பவளின் சமையலறைக் குழாய் பதினோரு ஆண்டுகளாகப் பூண்டுச் சரம் தொங்கவிடும் கொக்கியாக உத்தியோகம் பார்த்து வந்தது. அது முதலில் இருமியது. பிறகு துருவைத் துப்பியது. பிறகு, மேட்டின் வரலாற்றில் கேடயம் எதுவும் பெறாத அதிசயமாக, தெளிந்த தண்ணீரைக் கொட்டியது. பூண்டு முழுக்க நனைந்து வீணாயிற்று. உம்மு ஸக்ர் அந்தப் பூண்டைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு வாளியைத் தேடி ஓடினாள்.

அடுத்த செவ்வாயும் வந்தது. அதற்கடுத்ததும்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலையில் உம்மு ஸக்ர் தலையில் ஒரு தட்டோடு இயக்ககத்துக்குள் நுழைந்தாள். வாயிற்காவலரைக் கேட்கவில்லை, வரவேற்பாளரைக் கேட்கவில்லை. "ரவ்தா யாரு?" என்று மாடிக்கும் கேட்கும்படி கூவினாள். அட்டையின் அடியில் சின்ன எழுத்தைப் படித்த ஒரே குடிமகள் அவள்தான்.

"நான்தான் அக்கா."

"நீயா? இத்துனூண்டா இருக்கே! மேட்டுக்குத் தண்ணி ஏத்தினவ பயில்வான் மாதிரி இருப்பான்னு நெனச்சேன். இந்தா, திராட்சை இலைச் சோறு. எங்க வீட்டுக் குழாய்த் தண்ணில கழுவினது. ஒவ்வொரு இலையையும் ரெண்டு தடவை கழுவினேன், கொழுப்புதான்!"

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலை. அந்தப் பெட்டியைக் காலியாத்தான் விட்டேன்."

"அடக்கத்தைப் பாரு! எங்க ஊரு அதிகாரிங்க செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லுவானுங்க. இவ செஞ்சதைச் செய்யலைங்கறா." உம்மு ஸக்ர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கை. பதினோரு வருஷமா ஈரத்துணியால துடைச்சுத்தான் விடுவேன். லாரித் தண்ணி குடிக்கவே பத்தாது. போன செவ்வாய்க்கிழமை அவரை முற்றத்துல உக்கார வச்சுத் தலையோட ஊத்தினேன் பெண்ணே. நாலு வாளி! 'இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து'ன்னு சின்னக் குழந்தை மாதிரிச் சிரிக்கிறாரு."

பிறகு அவள் இரு கைகளையும் ஏந்தினாள். ரவ்தாவின் கைகள் ஓயாதிருக்கட்டும் என்று தொடங்கினாள். கண்பார்வை, முழங்கால், பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் குணம், பெற்றோரின் கப்றுக் குழிகளில் ஒளி, மறுமையில் நிழல் என்று ஒன்றையும் விடாமல் அரை மணி நேரம் துஆ செய்தாள். அலுவலகமே ஆமீன் சொன்னது. காது கேளாதவர்கூடச் சொன்னார்.

உம்மு ஸக்ர் போனதும் ரவ்தா திகைத்து உட்கார்ந்தாள். வேறு யார் முகவரிக்கோ வந்த பொட்டலத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. உழைக்காமல் வந்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். உழைக்காமல் வந்த துஆவை எந்தக் கவுன்டரில் செலுத்துவது? உரியவரிடம் சேர்ப்பித்துவிடலாம் என்று கிளம்பினாள்.

"நானா?" என்றார் அபூ தஹ்ஹாம். "போன் சொல்லிச்சு, திறந்தேன். எனக்கெதுக்கும்மா துஆ? போனுக்குப் போய்க் கொடு."

"நானா?" என்றான் குதைபா. "அச்சு காட்டுச்சுக்கா. நான் சும்மா ஒரு கிழமையை வச்சேன். ஆனா..." தலையைச் சொறிந்தான். "நெஜமாவா தண்ணி போகுது?"

இயக்குநரிடம் போகத் தயங்கியதில் நாட்கள் ஓடின; அதற்குள் இயக்குநரே எல்லாரையும் அழைத்துவிட்டார். ஆறாவது வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை அது. நஸ்ர் மேட்டிலிருந்து அறுபத்தொரு கையெழுத்துகளோடு ஒரு நன்றிக் கடிதம் வந்திருந்தது. அந்த இயக்ககத்தில் புகார்க் கடிதத்துக்கு யாரும் அஞ்சியதே இல்லை. நன்றிக் கடிதம் பீதியைக் கிளப்பியது.

"எதுக்கு நன்றி? நாம என்ன செஞ்சோம்? யார் உத்தரவு போட்டது?" ஷவ்கத் பெக்கின் நெற்றியில் வியர்வை. "அபூ தஹ்ஹாம், உயரத்துக்குத் தண்ணி எப்படிய்யா ஏறிச்சு?"

"பம்ப் ஏத்திச்சு ஐயா."

"அந்த பம்ப் பதினோரு வருஷமா ஓடலையே!"

"மாசா மாசம் எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். குதிரை மாதிரி ஓடுது."

"எண்ணெய் போட்டவரு ஏன் ஒரு தடவைகூடத் திறக்கலை?"

"எண்ணெய் போடுன்னு உத்தரவு இருந்துச்சு. திறன்னு இல்லையே ஐயா."

"ஃபைல்ல 'உயரம் காரணமாக'ன்னு இருக்கே!"

அபூ தஹ்ஹாம் சிந்தித்தார். "தண்ணிக்கு ஃபைல் படிக்கத் தெரியலை போல."

இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையை அளந்தார். "அப்படின்னா அஞ்சு வாரமா அந்த மேட்டுக்காரங்க குடிச்சது நெஜத் தண்ணியே இல்லை. மாதிரித் தண்ணி! மாதிரித் தண்ணில குளிச்சிருக்காங்க. மாதிரித் தண்ணில தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ எடுத்திருக்காங்க!"

"ஒளூ செல்லும் ஐயா" என்றாள் ரவ்தா மெல்ல.

"அது மார்க்கம், சகோதரி. இது நிர்வாகம். விவரத்தோட வர்றதுதான் தண்ணி. விவரம் இல்லாம வந்தா அதுக்குப் பேரு கசிவு. கேடயம் புதன்கிழமை வந்து சேருது. ஊர்ல அஞ்சு வாரமாக் கசிவு!"

"அந்தப் பெட்டியில ஒரு கிழமையை எழுதிட்டாப் போச்சே ஐயா."

"யார் முடிவு பண்றது? அதுக்கு உயரத்தைப் பத்தி ஒரு ஆய்வு வேணும். ஆய்வுக்கு ஒரு கமிட்டி வேணும். பெட்டியில இருந்திருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? இருக்கறதைப் பத்தி இதுவரைக்கும் நான் ஏதாவது கேட்டிருக்கேனா? இல்லையே, அதான் பிரச்சினை!"

சுற்றறிக்கை எண் 115 தயாரானது. நாளை மறுநாளும் செவ்வாய் என்றாலும், கேடய வாரத்தில் மேட்டுக்காரர்கள் கூச்சல் போடக் கூடாது என்பதால், மாற்றம் வியாழக்கிழமை முதல் நடைமுறைக்கு வரும். அன்றிலிருந்து காலிப் பெட்டிக்கு மாதிரி விவரம் காட்டப்படாது. 'விரைவில்' என்று காட்டப்படும்.

"விரைவில்னு போன்ல வந்தா நான் திறக்கறதா, மூடறதா ஐயா?" அபூ தஹ்ஹாம் கையை உயர்த்தினார்.

"மூடணும்."

"விரைவில்னா ஃபஜ்ருக்கு முன்னாடி மூடணுமா, பின்னாடி மூடணுமா?"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். அவருக்கு அழுத்தம் குறைவாக இருந்தது.

வெளியே வந்ததும் ரவ்தா குதைபாவை நிறுத்தினாள். "தம்பி, வியாழக்கிழமை மாத்தினதுக்கப்புறம், பெட்டியில ஏதாவது இருந்தா அச்சு என்ன செய்யும்?"

"இருக்கறதை அப்படியே காட்டும்க்கா. அதுக்குத்தானே அச்சு. காலியா இருந்தாத்தான் 'விரைவில்'." அவன் பையை மாட்டிக்கொண்டான். அவளை ஒரு கணம் பார்த்தான். "களஞ்சியத்தைத் திறக்கற சாவி உங்ககிட்டத்தானேக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு, செருப்பில் ஒட்டிய தூசியைத் தட்டுவதுபோல் குனிந்துகொண்டான்.

அந்தச் சாவி அவளிடம் ஆறு மாதமாக இருந்தது. ஒரு சொல் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்டது எழுதும் அமானிதம். கிழமை படைக்கும் அதிகாரம் அல்ல. திங்கள் முழுக்க அவள் அதையே எண்ணி மருகினாள். செவ்வாயன்று தண்ணீர் போயிற்று. ஆறாவது முறை. மேட்டில் ஒரு கிழவரின் தலையில் நான்கு வாளி ஊற்றப்பட்டிருக்கும். இனி அவரை மறுபடி ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

புதன்கிழமை கேடயம் வந்தது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் மொத்த அலுவலகமும் விருந்து மண்டபத்துக்குப் புறப்பட்டது. 'உயரத்தை வென்ற மின்னணு நிர்வாகம்' என்று துணியில் எழுதித் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். "நீங்க வரலையா சகோதரி?" என்றார் இயக்குநர். "ஒரு வேலை பாக்கி இருக்கு ஐயா, முடிச்சுட்டு வரேன்" என்றாள் ரவ்தா. அவள் பொய் சொல்வதில்லை.

அறை காலியானது. களஞ்சியத்தைத் திறந்து நஸ்ர் மேட்டுக்கு வந்தாள். பெட்டிக்கு மேலே எழுதியிருந்ததை அன்றுதான் நிறுத்திப் படித்தாள். 'தண்ணீர் வரும் நாள்'. யார் அனுமதித்த நாள் என்று அதில் இல்லை. வரும் நாள், அவ்வளவுதான். ஆறு செவ்வாய் வந்திருக்கிறது. அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். தெரியாததை எழுதக் கூடாது என்றால், தெரிந்ததை எழுதாமல் விடுவதும் அதே பாவம்தான் என்று பதினான்கு ஆண்டுகளில் முதல்முறையாக அவளுக்குப் பட்டது.

பிஸ்மில்லாஹ் சொல்லி, 'செவ்வாய்' என்று எழுதினாள். நேரத்தையும் எழுதினாள். அழுத்தம் என்ற இடத்தில் சற்று யோசித்து, 'நான்கு வாளிக்குப் போதும்' என்று எழுதிப் பிறகு அழித்துவிட்டு, 'நன்று' என்றாள்.

'உறுதியாகவா?' என்று கணினி கேட்டது. நஸ்ர் மேட்டைப் பற்றி அந்தக் கட்டடத்தில் ஒருவர் பதிலுக்காகக் காத்திருந்து கேட்ட முதல் கேள்வி அது.

'ஆம்.'

யாரும் பார்க்கவில்லை. உழைக்காமல் வாங்கிய துஆவுக்கு அவள் உழைத்துவிட்டாள்; தும்மி முடிக்கும் நேரம் ஆயிற்று. ஒளூ செய்துகொண்டு வந்து, மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே விரிப்பைப் போட்டு, தாமதமான லுஹரைத் தனியாகத் தொழுதாள்.

வாழ்க அச்சு. பதினோரு ஆண்டுகளாக எவராலும் அளக்க முடியாத நஸ்ர் மேட்டின் உயரத்தை அது அன்று துல்லியமாக அளந்து காட்டிவிட்டது: சரியாக ஒரு சொல். அந்த உயரத்துக்கு ஏற முடியாது என்று கோப்பில் கையெழுத்திட்ட பத்தொன்பது பேருக்கும் எழுதத் தெரியும். கையெழுத்துகள் மிக அழகாக இருக்கின்றன.